கணிப்பொறி கடவுச்சொல் கேட்பது ஏன்?

கிராம அலுவலகங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் மேசைக் கணிப்பொறியைக் கையாளுவோர் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. திரையின் ஓரத்தில் ‘புதுப்பிப்புகள் வந்துள்ளன’ என்ற அறிவிப்புத் தோன்றுகிறது. அதனை ஏற்று அழுத்தியவுடன் ஒரு சிறு கட்டம் எழுந்து கடவுச்சொல்லைக் கேட்கிறது. காலையில் கணிப்பொறியைத் திறந்தபோதே கடவுச்சொல் கொடுத்தாயிற்று. மறுபடியும் ஏன் கேட்கிறது என்ற எண்ணம் எழுவது இயல்பே. எதிரில் அமர்ந்திருப்பவருக்கு அந்தச் சொல் தெரியாமலும் இருக்கலாம். தெரிந்தவர் மண்டல அலுவலகத்திலோ மாவட்டத் தலைநகரிலோ இருப்பார்; அல்லது சென்ற ஆண்டே வேறு பள்ளிக்கு மாறுதலாகிச் சென்றிருப்பார். ஆகவே கட்டம் மூடப்படுகிறது. புதுப்பிப்பு மறுநாளைக்குத் தள்ளிவைக்கப்படுகிறது. மறுநாளும் அவ்வாறே நிகழ்கிறது. இவ்வாறு நின்றுபோகும் புதுப்பிப்பினால் விளைவது யாது, அந்தக் கேள்வி எதனைக் காக்கிறது, எதனைக் காக்கவில்லை என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

மதகும் கரையும்

சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் பாலசமுத்திரம் போன்று ‘சமுத்திரம்’ என முடியும் ஊர்ப்பெயர்கள் பல உள்ளன. கடலுக்கு வெகு தொலைவில் உள்ள ஊருக்குச் சமுத்திரம் என்ற பெயர் எவ்வாறு வந்தது என்று மாணவர்கள் கேட்பதுண்டு. பெரிய ஏரிகளையே நம் முன்னோர் அவ்வாறு அழைத்தனர். ஏரிப்பாசனம் நடைபெறும் ஊர்களில் தொன்றுதொட்டு ஒரு வழக்கம் உண்டு. வாய்க்காலில் வரும் நீரைத் தன் முறை வந்தபோது தன் வயலுக்குத் திருப்பிக்கொள்ளும் உரிமை உழவர் ஒவ்வொருவருக்கும் உண்டு. ஆனால் ஏரியின் மதகைத் திறப்பதும் அடைப்பதும் நீர்கட்டி ஒருவரின் பொறுப்பு. உழவரை நம்பாமையால் ஏற்பட்ட விதியன்று இது. மதகு திறந்தால் நீர் ஒருவர் வயலோடு நில்லாது. ஆயக்கட்டு முழுவதையும் அது பாதிக்கும்.

கணிப்பொறியிலும் இவ்வாறே இருவகைச் செயல்கள் உண்டு. கடிதம் எழுதுதல், வருகைப் பதிவேட்டை நிரப்புதல், படம் வரைதல் ஆகியவை ஒருவர் தம் வயலுக்கு நீர் பாய்ச்சுவதை ஒக்கும். அவை அவருடைய கோப்புகளை மட்டுமே மாற்றும். ஆனால் கணிப்பொறியை இயக்கும் அடிப்படைக் கோப்புகள், எல்லோரும் பயன்படுத்தும் செயலிகள், கருவிகளை இயக்கும் நிரல்கள் ஆகியவற்றை மாற்றினால் அப்பொறியைப் பயன்படுத்தும் அனைவருக்கும் அது மாறிவிடும். மென்பொருட் புதுப்பிப்பு இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. ஆகையால்தான் கணிப்பொறி நின்று, ‘மதகைத் திறக்க வந்திருப்பவர் யார்?’ என்று கேட்கிறது. காலையில் கொடுத்த கடவுச்சொல் வாய்க்கால் வரையில் செல்வதற்கான அனுமதியே ஆகும்.

இந்தப் பாகுபாடு புதிதன்று. ஒரே கணிப்பொறியைப் பலர் பகிர்ந்துகொண்ட காலத்திலேயே அது தோன்றிவிட்டது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1961-இல் செய்துகாட்டப்பட்ட காலப்பகிர்வு அமைப்பில், ஒவ்வொருவருடைய கோப்புகளையும் தனித்தனியே காப்பதற்காகக் கடவுச்சொல் கையாளப்பட்டது. அதன் பின்னர் 1969-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் தொடங்கப்பட்ட யூனிக்ஸ் அமைப்பில் ‘ரூட்’ என்னும் தனிக் கணக்கு ஏற்பட்டது. ரூட் என்றால் வேர். அக்கணக்கில் நுழைந்தவருக்குத் தடை என்பதே இல்லை. எதையும் படிக்கலாம், எதையும் அழிக்கலாம். நாள் முழுவதும் அக்கணக்கிலேயே வேலை செய்தால், கைதவறி அடித்த ஒரு கட்டளை பொறியையே பாழாக்கிவிடக்கூடும். இதற்கு மாற்றாக, 1980-ஐ ஒட்டிப் பஃபலோ நகரில் உள்ள நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ‘சூடோ’ என்ற சிறு நிரல் எழுதப்பட்டது. ஒருவர் தம் சொந்தக் கணக்கிலேயே இருந்துகொண்டு, தேவைப்பட்ட ஒரு செயலுக்கு மட்டும் ரூட்டின் அதிகாரத்தைக் கடனாகப் பெற அது வழி செய்தது. இன்று லினக்ஸ் வகைக் கணிப்பொறிகளில் புதுப்பிப்பின்போது எழும் கேள்வியின் மூதாதை அதுவே எனலாம்.

2017 மே மாதம்

இப்பொருளைப் பற்றி இவ்வளவு விரிவாக எழுதக் காரணம், அதன் விளைவை இவ்வட்டாரம் நேரில் கண்டிருக்கிறது என்பதே. 2017 மே 12, வெள்ளிக்கிழமையன்று ‘வான்னாகிரை’ என்ற கணிப்பொறிப் புழு உலகெங்கும் பரவத் தொடங்கியது. சில நாட்களில் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பொறிகள் அதற்கு இலக்காயின. அது கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறப்பதற்கு 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் கேட்டது. இங்கிலாந்தில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. கேரளத்தின் வயநாட்டில் பஞ்சாயத்து அலுவலகக் கணிப்பொறிகள் பாதிக்கப்பட்டன. ஆந்திரப் பிரதேசத்தில் சித்தூர், கிருஷ்ணா, குண்டூர், விசாகப்பட்டினம், ஸ்ரீகாகுளம் மாவட்டங்களின் 18 காவற்பிரிவுகளில் கணிப்பொறிகள் பாதிக்கப்பட்டன என்ற செய்தி மறுநாளே வெளியாயிற்று. திருப்பதிக் காவல்துறையில் முன்னெச்சரிக்கையாகச் சில பொறிகளை நிறுத்திவைத்தனர். அப்போது திருப்பதி, சித்தூர் மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. 2022 ஏப்ரல் 4-இல்தான் அது தனி மாவட்டமாயிற்று. திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் சில கணிப்பொறிகளையும் அதே மே மாதத்தில் இப்புழு தாக்கியது.

இதில் ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் கருத்தூன்ற வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இப்புழு எவரிடமும் கடவுச்சொல் கேட்கவில்லை. ஒரே வலையமைப்பில் உள்ள விண்டோஸ் கணிப்பொறிகள் தம்முள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் முறையில் ஒரு பிழை இருந்தது. அப்பிழையின் வழியாக அது நேரே இயக்க அமைப்பின் உட்பகுதிக்குள் புகுந்து, நிர்வாகிக்கும் மேலான அதிகாரத்தைப் பெற்றுக்கொண்டது. எந்தக் கட்டமும் எழவில்லை. எவரும் எதனையும் அழுத்த வேண்டியிருக்கவில்லை. நம் உவமையின்படி சொன்னால், மதகின் பூட்டு பத்திரமாக இருந்தது; ஆனால் கரை உடைந்துவிட்டது.

அக்கரையை அடைக்கும் மண்ணும் கல்லும் முன்னரே வந்து சேர்ந்திருந்தன. மைக்ரோசாப்ட் நிறுவனம் அப்பிழையைத் திருத்தும் புதுப்பிப்பை 2017 மார்ச் 14-ஆம் நாளே வெளியிட்டிருந்தது. அதாவது புழு பரவுவதற்கு ஏறத்தாழ 2 மாதங்களுக்கு முன்னர். தாக்குண்டவற்றுள் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணிப்பொறிகள். அவற்றுக்கு மார்ச் மாதமே மருந்து கிடைத்தது. மின்சாரம் நின்றுபோதல், இணைய இணைப்பின் மந்தம், ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்னும் மனப்போக்கு, உரிமம் பெறாத மென்பொருள் என்று புதுப்பிப்பு நிற்பதற்குப் பல காரணங்கள் உண்டு. கடவுச்சொல் அறிந்தவர் அருகில் இல்லாமையும் அவற்றுள் ஒன்று. மதகுக்குப் போட்ட பூட்டே கரையைச் செப்பனிட வந்தவரையும் தடுத்து நிறுத்துமாயின், அது பூட்டின் குற்றமன்று, அமைப்பின் குற்றம். புதிதாக ஒன்றைக் கொண்டுவருவதற்கு வேண்டிய அனுமதி வேறு, ஏற்கெனவே உள்ளதைச் செப்பனிடுவதற்கு வேண்டிய அனுமதி வேறு. இவ்விரண்டையும் பிரித்துவிட்டால் சிக்கலின் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

கடவுச்சொல்லும் கையொப்பமும்

இங்கு ஓர் ஐயம் எழலாம். செப்பனிடுவதற்குக் கடவுச்சொல் வேண்டாம் என்றால், தீயவர் எவரேனும் புதுப்பிப்பு என்ற பெயரால் கேடான நிரலை அனுப்பிவிட மாட்டாரா? இந்த ஐயத்தில் இருவேறு கேள்விகள் ஒன்றாகக் கலந்துள்ளன. ‘அமர்ந்திருப்பவர் யார்?’ என்பது ஒன்று. ‘வந்திருக்கும் பொருள் உண்மையானதா?’ என்பது மற்றொன்று. கடவுச்சொல் முதற்கேள்விக்கு மட்டுமே விடை தரும். இரண்டாம் கேள்விக்கு விடை தருவது டிஜிட்டல் கையொப்பம்.

டெபியன் குடும்பத்தைச் சேர்ந்த லினக்ஸ் அமைப்புகளில் இது நடைபெறும் விதத்தைச் சுருங்கக் கூறலாம். சென்னையில் உள்ள சி-டாக் மையம் உருவாக்கி 2007 முதல் வெளியிட்டுவரும் பாஸ் லினக்ஸும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. புதுப்பிப்புகளை வைத்திருக்கும் களஞ்சியத்தில் ஒவ்வொரு பொதியின் பெயருக்கும் எதிரே அதன் சாரஎண் குறிக்கப்பட்டிருக்கும். பொதியில் ஓர் எழுத்து மாறினாலும் சாரஎண் முற்றிலும் மாறிவிடும். இந்தப் பட்டியலின் மீது அமைப்பை உருவாக்கியோர் தம் இரகசியத் திறவுகோலைக் கொண்டு கையொப்பமிடுகின்றனர். அக்கையொப்பத்தைச் சோதிக்கும் பொதுத் திறவுகோல் நம் கணிப்பொறியில் தொடக்கத்திலேயே வைக்கப்பட்டிருக்கிறது. இறங்கிய பொதியின் சாரஎண்ணும் பட்டியலில் உள்ளதும் ஒத்திருந்தாலன்றிக் கணிப்பொறி அதனை ஏற்பதில்லை. இச்சோதனையில் மனிதருக்கு வேலையே இல்லை. நாம் கடவுச்சொல்லை எத்தனை முறை தட்டினாலும் பொய்ப் பொதி மெய்ப்பொதி ஆகிவிடாது.

இதன் மறுபக்கத்தையும் கூற வேண்டும். இணையத்தில் எங்கோ கண்ட ஒரு நிரலை இறக்கி, அது கேட்ட கடவுச்சொல்லையும் கொடுத்துவிட்டால், கையொப்பச் சோதனையை நாமே சுற்றிக்கொண்டு சென்றவர்களாவோம். வீடியோ பார்ப்பதற்கு ‘இந்தப் புதுப்பிப்பு அவசியம்’ என்று சொல்லி ஏமாற்றுவது நெடுநாளைய தந்திரம். அங்கே கடவுச்சொல் நம்மைக் காப்பதில்லை. நம் கையாலேயே மதகைத் திறந்துவிடுகிறோம். கையொப்பமும் எல்லா நோய்க்கும் மருந்தன்று. 2017 ஜூனில் உக்ரைன் நாட்டில் கணக்குவழக்கு மென்பொருள் ஒன்றின் புதுப்பிப்புக் களஞ்சியத்துக்குள்ளேயே புகுந்து கேடு விளைவித்தார்கள். 2024 ஜூலை 19-இல் ஒரு பாதுகாப்பு நிறுவனத்தின் முறையான புதுப்பிப்பிலேயே பிழை இருந்தமையால் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் பொறிகள் முடங்கின. இவை அரியவை, ஆயினும் பல பொறிகள் உள்ள இடத்தில் முதலில் ஒன்றில் புதுப்பித்து, ஒரு நாள் பார்த்துவிட்டு, மற்றவற்றைத் தொடுவது நல்லது.

இரு கோடிகள்

கேள்வியை எங்கே கேட்பது, எங்கே விடுவது என்பதில் வல்லுநர்களே இடறியிருக்கின்றனர். இரண்டு நிகழ்ச்சிகள் இதனைத் தெளிவாக்கும்.

முதலாவது, 2009 நவம்பர் 17-இல் வெளியான பெடோரா 12 என்ற லினக்ஸ் பதிப்பைப் பற்றியது. கணிப்பொறியின் எதிரே அமர்ந்திருக்கும் எந்தப் பயனாளரும், கையொப்பமிட்ட களஞ்சியத்தில் உள்ள எந்தப் பொதியையும் ரூட் கடவுச்சொல் இல்லாமலே நிறுவலாம் என்று அதில் அமைத்திருந்தார்கள். பொருள் நம்பத்தக்கது என்று கையொப்பமே உறுதி கூறும்போது ஆளைக் கேட்பானேன் என்பது அமைத்தவர்களின் வாதம். செய்தி பரவியவுடனே கடும் எதிர்ப்பு எழுந்தது. ஒரு பள்ளியின் கணிப்பொறிக்கூடத்தை எண்ணிப் பார்த்தால் எதிர்ப்பின் நியாயம் விளங்கும். நாற்பது மாணவர் அமரும் பொறிகளில் ஒவ்வொருவரும் தமக்கு விருப்பமானதை நிறுவத் தொடங்கினால், அவை யாவும் கையொப்பமிட்டவையாகவே இருந்தாலும், வட்டு நிரம்பிவிடும். வேண்டாத சேவைகள் இயங்கத் தொடங்கும். தாக்குதலுக்கு இடங்கொடுக்கும் வாயில்கள் பெருகும். நல்ல நெல்லேயானாலும் எவர் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் ஊர்க் களஞ்சியத்தில் கொட்டலாம் என்று விட்டுவிட முடியுமா? சில நாட்களுக்குள் அவ்விதி திரும்பப் பெறப்பட்டு, நிறுவலுக்கு மீண்டும் கடவுச்சொல் வேண்டும் என்று ஆயிற்று.

இரண்டாவது, இதற்கு நேர்மாறானது. 2012 பிப்ரவரியில் லினக்ஸ் கருவை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், ஓப்பன்சூசே என்ற அமைப்பின் மீது பொதுவெளியில் கடுஞ்சினம் கொண்டு எழுதினார். பள்ளிக்குச் சென்றிருந்த அவருடைய மகள், அங்குள்ள அச்சுப்பொறியைத் தன் கணிப்பொறியில் சேர்க்க முயன்றாள். கணிப்பொறி ரூட் கடவுச்சொல்லைக் கேட்டது. அவள் தந்தையைத் தொலைபேசியில் அழைக்க வேண்டியதாயிற்று. அச்சுப்பொறி சேர்த்தல், கம்பியில்லா இணைப்பைத் தேர்ந்தெடுத்தல், ஊருக்கேற்பக் கடிகாரத்தை மாற்றுதல் போன்ற அன்றாடச் செயல்களுக்கெல்லாம் ரூட் அதிகாரம் கேட்பது அறிவுடைமையாகாது என்பது அவர் வாதத்தின் சாரம். அவருடைய சொற்கள் மிகக் கடுமையானவை; பண்புடையோர் அவற்றை அப்படியே எடுத்தாள மாட்டார்கள். ஆனால் கருத்து சரியானதே. அடிக்கடி கேட்கப்படும் கேள்வி நாளடைவில் கேள்வியாகவே தோன்றாது. 2007-இல் வெளியான விண்டோஸ் விஸ்டாவில் அனுமதிக் கட்டங்கள் அளவுக்கு மீறி எழுந்தன. மக்கள் அவற்றைப் படிக்காமலே ‘ஆம்’ என்று அழுத்தப் பழகினர். 2009-இல் வந்த விண்டோஸ் 7-இல் அவற்றின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள்.

இவ்விரு கோடிகளுக்கும் இடைப்பட்ட வழியாகவே ‘போல்கிட்’ என்ற அமைப்பு லினக்ஸில் வளர்ந்தது. அது ரூட்டின் அதிகாரத்தை ஒரே பெரிய சாவியாக வைத்துக்கொள்ளாமல் சிறு சிறு செயல்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு செயலுக்கும், கேட்பவர் எக்குழுவைச் சேர்ந்தவர், அவர் பொறியின் எதிரே இருக்கிறாரா, தொலைவிலிருந்து கேட்கிறாரா என்று பார்த்து, ‘அனுமதி’, ‘மறுப்பு’, ‘கடவுச்சொல் பெற்று அனுமதி’ என்று விதி வகுக்கிறது. காவலனுக்கும் குறை உண்டு என்பதை மறக்கலாகாது. 2009 முதல் இதன் ஒரு பகுதியில் மறைந்திருந்த பிழை 2022 ஜனவரியில்தான் வெளிப்பட்டது. கணிப்பொறியில் சாதாரணக் கணக்கு வைத்திருந்த எவரும் கடவுச்சொல் இன்றியே ரூட் ஆகிவிட அது இடங்கொடுத்தது. அதனை அடைத்ததும் ஒரு புதுப்பிப்பே.

சில வேளை கேட்பதும் சில வேளை கேளாமையும்

‘நேற்றுக் கேட்கவில்லை, இன்று கேட்கிறதே, பொறியில் ஏதோ கோளாறு’ என்று எண்ணுவோர் பலர். உபுண்டு அமைப்பில் இதற்கு நேரிய காரணம் உண்டு. ஏற்கெனவே நிறுவப்பட்ட பொதியின் புதிய பதிப்பை ஏற்றுவதற்கு, நிர்வாகக் குழுவைச் சேர்ந்தவர் பொறியின் எதிரே இருந்தால், கடவுச்சொல் வேண்டாம் என்று விதி வைத்தார்கள். ஆனால் சில புதுப்பிப்புகள், குறிப்பாக இயக்கக்கருவின் புதுப்பிப்புகள், இதுவரை இல்லாத புதுப்பொதிகளையும் உடன் கொண்டுவரும். அப்போது அது செப்பனிடுதல் என்பதிலிருந்து புதிதாக நிறுவுதல் என்ற வகைக்கு மாறிவிடுகிறது. ஆதலால் கேள்வி எழுகிறது. பெடோரா நிகழ்ச்சியில் தவறவிட்ட பாகுபாடு இங்கே சரியாகக் கையாளப்பட்டிருப்பதைக் காணலாம்.

விண்டோஸில் இயக்க அமைப்பின் சொந்தப் புதுப்பிப்புகளைப் பின்னணியில் ஒரு சேவையே ஏற்றிவிடுகிறது. அதற்குப் பொதுவாகக் கடவுச்சொல் கேட்பதில்லை. தனிச் செயலிகளின் நிறுவலே பெரும்பாலும் கேள்வியை எழுப்பும். நிர்வாகியாக நுழைந்திருப்பவரிடம் ‘ஆம்’, ‘இல்லை’ என்று மட்டும் கேட்கும். சாதாரணக் கணக்கில் இருப்பவரிடம் நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கும். அவ்வேளையில் திரையின் ஏனைய பகுதி மங்கலாவது அழகுக்காக அன்று. பிற நிரல்கள் அக்கட்டத்தைத் தாமே அழுத்திவிடாதபடி தனித்திரை ஒன்றில் அது காட்டப்படுகிறது.

எவருடைய கடவுச்சொல்?

பணியாளர்களைத் திகைக்கச் செய்யும் மற்றொரு விஷயம், கேட்கப்படுவது எந்தக் கடவுச்சொல் என்பது. உபுண்டுவில் ரூட் கணக்கு பூட்டப்பட்டிருக்கும். நிர்வாகக் குழுவில் உள்ளவர் தம் சொந்தக் கடவுச்சொல்லையே கொடுக்க வேண்டும். டெபியனில் நிறுவும்போது ரூட்டுக்குத் தனிக் கடவுச்சொல் அமைத்திருந்தால், அதுவே கேட்கப்படும். கட்டத்தில் எவருடைய பெயர் எழுதியுள்ளது என்பதைப் படித்தால் பெரும்பாலும் விளங்கிவிடும். ‘சாவிக்கொத்து’ என்ற பெயரில் எழும் கட்டம் இவற்றினும் வேறானது. அது நம் இணையக் கடவுச்சொற்களைச் சேமித்துவைத்த பெட்டியின் பூட்டு. நுழைவுக் கடவுச்சொல்லை வேறொருவர் மாற்றி அமைத்துவிட்டால் இப்பெட்டி பழைய சொல்லையே கேட்டுக்கொண்டிருக்கும். புதுப்பிப்பு வேளையில் தற்செயலாக இது தோன்றினால், இரண்டையும் ஒன்றென மயங்கிப் பலர் இடர்ப்படுகின்றனர்.

சரியான சொல்லைத் தட்டியும் ஏற்கவில்லை எனில் முதலில் விசைப்பலகை எம்மொழியில் உள்ளது என்று பாருங்கள். தெலுங்கும் தமிழும் ஆங்கிலமும் மாறிமாறித் தட்டப்படும் இவ்வட்டாரத்துப் பொறிகளில் இதுவே மிகச் சாதாரணமான காரணம். தெலுங்குப் பலகையில் இருந்துகொண்டு ஆங்கிலச் சொல்லைத் தட்டினால், கட்டத்தில் புள்ளிகள் மட்டுமே தெரியுமாதலால் தவறு கண்ணுக்குப் புலப்படாது. பெரிய எழுத்து விசை அழுந்தியிருப்பது அடுத்த காரணம். கட்டளைத் திரையில் சூடோ கேட்கும்போது பல அமைப்புகளில் புள்ளிகூடத் தோன்றாது. விசைப்பலகை பழுதாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். சொல்லின் நீளத்தைக்கூட அருகில் நிற்பவர் அறியலாகாது என்பதற்காகவே அவ்வாறு வைத்தார்கள்.

பள்ளியில் அமைத்துக்கொள்ளும் முறை

ஒரு பள்ளிக்கு மூன்று வகைக் கணக்குகள் போதும். மாணவர்களுக்குச் சாதாரணக் கணக்கு. ஆசிரியர்களுக்கும் அன்றாட வேலைக்குச் சாதாரணக் கணக்கே. நிர்வாகத்துக்கு மட்டும் தனியாக ஒன்று. நிர்வாகக் கடவுச்சொல்லைத் திரையின் ஓரத்தில் ஒட்டிவைக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். ஒருவர் நினைவில் மட்டும் வைத்திருப்பதும் அதே அளவு தீங்கானது. அவர் மாறுதலாகும் நாளில் பொறி அநாதையாகிவிடும். எழுதி, உறையிலிட்டு, அரக்கு முத்திரையிட்டு, தலைமையாசிரியரின் பீரோவில் வைத்து, இருப்புப் பதிவேட்டில் அதனைக் குறித்துவிடலாம். உறை திறக்கப்பட்டால் சொல்லை மாற்றிப் புது உறை வைக்க வேண்டும். பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் மேசை நாற்காலிகளோடு இவ்வுறையும் ஓர் இனமாக இடம்பெறுவது பொருத்தமே.

செப்பனிடும் வேலையைப் பொறியிடமே ஒப்படைத்துவிடுங்கள். உபுண்டு, டெபியன் வகைகளில் ‘அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ்’ என்ற நிரல், பாதுகாப்புத் திருத்தங்களை எவரையும் கேளாமல் தானே ஏற்றும். விண்டோஸில் தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்திவைக்காமல் இருந்தாலே போதும். ஆனால் பள்ளிப் பொறிகள் மாதக்கணக்கில் திறக்கப்படாமல் கிடந்துவிட்டு, தேர்வுப் பதிவு வேளையில் திடீரெனத் திறக்கப்படுகின்றன. அன்று எல்லாப் புதுப்பிப்பும் ஒன்றாக வந்து குவியும். வாரம் ஒரு நாள் இரண்டு மணி நேரமாவது பொறிகளை இணையத்தோடு இயங்கவிடுவது இதனைத் தவிர்க்கும். மின்தடை மிகுந்த ஊர்களில் மின்சேமிப்புக் கலத்தின் துணையோடு மட்டுமே இதனைச் செய்ய வேண்டும். புதுப்பிப்பின் நடுவே பொறி அணைந்தால், பாதி மாற்றப்பட்ட கோப்புகளோடு அது எழ மறுக்கலாம்.

பழைய பொறிகளைப் பற்றி ஒரு சொல். விண்டோஸ் 10-க்கு வழக்கமாக இலவசமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றன. அத்தகைய பொறி கடவுச்சொல் கேட்டுத் தொல்லை செய்யாது. கேட்பதற்குப் புதுப்பிப்பே வராது. இந்த அமைதியைக் கண்டு மகிழ வேண்டாம். நீட்டிப்புத் திட்டத்தில் பதிந்துகொள்ளுதல், புதிய பதிப்புக்கு மாறுதல், அல்லது பாஸ், உபுண்டு போன்ற லினக்ஸை நிறுவுதல் ஆகியவற்றுள் ஒன்றைச் செய்தாக வேண்டும். அதுவரை அதனை வலையமைப்பிலிருந்து பிரித்து வைப்பதே ஏற்றது.

வகுப்பில் செய்துகாட்ட

லினக்ஸ் உள்ள பள்ளிகளில் ஒரு பாடவேளையில் இதனைச் செய்துகாட்டலாம். மாணவர் கணக்கில் நுழைந்து, மென்பொருட் களஞ்சியத்திலிருந்து ஏதேனும் ஒரு வரைபடச் செயலியை நிறுவுமாறு ஒரு மாணவரிடம் சொல்லுங்கள். எழும் கட்டத்தில் எவர் பெயர் உள்ளது என்பதை வகுப்புக்கு உரக்கப் படிக்கச் செய்யுங்கள். அதே மாணவர் தம் கோப்புறையில் ஒரு கோப்பை உருவாக்கி அழிக்கட்டும். அங்கே கேள்வி எழவில்லை என்பதைக் கவனிக்கச் செய்யுங்கள். அடுத்து, மாணவர் கணக்கின் கட்டளைத் திரையில் சூடோவின் வழியாக ஒரு கட்டளையைத் தரச் செய்தால், அவர் அனுமதிப் பட்டியலில் இல்லை என்று பொறி மறுக்கும். பின்னர் ஆசிரியர் நிர்வாகக் கணக்கில் நுழைந்து பதிவேட்டைத் திறந்து காட்டலாம். எவர், எந்த நேரத்தில், எக்கட்டளையை முயன்றார் என்பது அதில் எழுதப்பட்டிருக்கும். தம் பெயரை அங்கே காணும்போது மாணவர்கள் கொள்ளும் வியப்பு பாடத்தை மனத்தில் நன்கு பதியச் செய்யும்.

இறுதியாக நிர்வாகக் கணக்கில் ஒரு முறை சூடோவுக்குக் கடவுச்சொல் கொடுத்துவிட்டு, உடனே அதே திரையில் மறுமுறையும் கட்டளையிடுங்கள், இம்முறை கேட்காது. டெபியன், உபுண்டு வகைகளில் வழக்கமாக 15 நிமிடம் வரை அது நம்மை நினைவில் வைத்திருக்கும். அந்த இடைவேளையில் ஆசிரியர் எழுந்து வெளியே சென்றால் என்ன நிகழக்கூடும் என்பதை மாணவர்களே கூறட்டும். பிறகு எவரும் விசையைத் தொடாமல் அந்நேரம் கடக்கும் வரை கடிகாரம் பார்த்துக் காத்திருந்து, மீண்டும் கட்டளையிட்டு, கேள்வி எழுகிறதா என்பதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளட்டும்.